ஐரோப்பிய நாவாய்ப்பூச்சிக்குப் பெயர் காண்பது எப்படி? திறவுகோல்களும் நூல்களும் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலையுதிர் காலம் தொடங்கியதும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வட இத்தாலியிலும் வீட்டுச் சன்னல்களில் ஒரு பழுப்புப் பூச்சி வந்து உட்காரும். கேடயம் போன்ற உடல், வரிவரியாக நிறம் மாறும் உணர்கொம்பு. குளிர்காலத்தைக் கழிக்க ஒதுங்க இடம் தேடி வருகிறது. அதைப் படம் எடுத்து யாரிடமாவது கேட்டால் உடனே பதில் வரும்: "இது ஆசியாவிலிருந்து வந்த ஹாலியோமார்ஃபா ஹாலிஸ். பழத்தோட்டங்களை நாசமாக்குவது. விடாதீர்கள், கொன்றுவிடுங்கள்."

பல நேரங்களில் அது ஹாலியோமார்ஃபாவாக இருப்பதில்லை. காலங்காலமாக ஐரோப்பாவிலேயே வாழ்ந்துவரும் ராஃபிகாஸ்டர் நெபுலோசா அது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். ஆனால் பூச்சியைப் புரட்டிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ராஃபிகாஸ்டரின் வயிற்றடியிலிருந்து நீண்ட முள் ஒன்று கால்களுக்கு நடுவே முன்னோக்கி நீண்டிருக்கும். ஹாலியோமார்ஃபாவுக்கு அது கிடையாது. புரட்ட மனமில்லை என்றால் இறக்கையின் நுனியைப் பாருங்கள். ராஃபிகாஸ்டருக்கு அங்கே கரும்புள்ளிகள் தூவியிருக்கும். ஹாலியோமார்ஃபாவுக்கு நரம்புகளை ஒட்டிக் கருங்கோடுகள் ஓடும்.

எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு இது அரை நிமிட வேலை. தெரியாதவர் ஆயிரம் படங்களைப் புரட்டினாலும் தடுமாறுவார். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருவதற்காகவே எழுதப்படுபவை இனங்காண் திறவுகோல்கள். அவற்றைப் பற்றித்தான் எத்தனை தவறான எண்ணங்கள்! "ஐரோப்பிய நாவாய்ப்பூச்சிகளுக்கு நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை கிடையாது. ஏன் கிடையாது என்று புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

முதலில், எதை நாவாய்ப்பூச்சி என்கிறோம்?

தமிழ்நாட்டு உழவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பால்பிடிக்கும் நெற்கதிரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிப் பதராக்கும் கதிர் நாவாய்ப்பூச்சியை அவர்கள் அறிவார்கள். பருத்திக் காயில் கூட்டமாக மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சியையும் அறிவார்கள். அறிவியலில் ஹெட்டிராப்டிரா என்று அழைக்கப்படும் கூட்டம் இது. மூட்டைப்பூச்சியும், குளத்து நீரின் மேல் கால் பரப்பி ஓடும் பூச்சியும் இதே கூட்டம்தான். உலகம் முழுவதும் 40,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் உண்டு.

அடையாளம் இரண்டு. ஒன்று, வாய். நாவாய்ப்பூச்சிக்குக் கடிக்கும் தாடை இல்லை. தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் ஊசி போன்ற உறிஞ்சுகுழல்தான் உண்டு. இரண்டாவது, முன்னிறக்கை (மூட்டைப்பூச்சி போல இறக்கையற்ற சில மட்டும் விதிவிலக்கு). அதன் அடிப்பாதி தோல்போலத் தடித்திருக்கும், நுனிப்பாதி மெல்லியதாக இருக்கும். அந்த மெல்லிய பகுதியைச் சவ்வு என்று அழைப்போம். கட்டுரை முழுவதும் இந்தச் சொல் வரும்.

வண்டோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வண்டின் முன்னிறக்கைகள் முதுகில் நேர்கோட்டில் சந்தித்து மூடிக்கொள்ளும். நாவாய்ப்பூச்சியின் இறக்கைகளோ ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவற்றுக்கு முன்னால் முதுகின் நடுவில் முக்கோணத் தகடு ஒன்று தெரியும். அசுவினி, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, சில்வண்டு எல்லாம் நாவாய்ப்பூச்சிக்கு உறவுக்காரர்கள். ஹெமிப்டிரா என்ற ஒரே வரிசையில் வருபவர்கள். ஆனால் நாவாய்ப்பூச்சிக்கான நூலில் அவர்களுக்கு இடமில்லை.

சுருக்கமாக: உறிஞ்சும் வாய், பாதி தடித்துப் பாதி சவ்வாக இருக்கும் முன்னிறக்கை. இரண்டும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

படத்தோடு ஒப்பிட்டால் போதாதா?

சந்தையில் கீரை வாங்கும்போது அரைக்கீரையையும் சிறுகீரையையும் அனுபவமுள்ள அம்மா ஒருவர் பார்த்தவுடன் பிரித்துவிடுவார். அவர் கண்ணில் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் கையில் இரண்டு கீரைகளின் படங்களைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? எல்லாமே பச்சையாக, இலையாக, கட்டாகத்தான் தெரியும்.

பூச்சிகளில் நிலைமை இன்னும் மோசம். முதலில் நிறமே ஏமாற்றும். ஐரோப்பாவின் பச்சைக் கேடயப்பூச்சி, பலோமெனா பிரசினா, கோடையில் இலைப்பச்சை. குளிர்காலம் நெருங்கும்போது செம்பழுப்பாகிவிடும். அடுத்த வசந்தத்தில் மறுபடியும் பச்சை. நம் ஊர் வயல்களிலும் தென் ஐரோப்பாவிலும் ஒருங்கே வாழும் நெசாரா விரிடுலா என்ற பச்சை நாவாய்ப்பூச்சியை இதனோடு சேர்த்து வைத்தால் படம் மட்டும் பார்ப்பவர் கட்டாயம் தடுமாறுவார். பலோமெனாவின் சவ்வு கரும்பழுப்பு. நெசாராவின் சவ்வு வெளிறியது. நெசாராவின் முக்கோணத் தகட்டின் முன்விளிம்பில் சிறு வெண்புள்ளிகள் வரிசையாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு படம் உதவும். அதற்கு முன்னால் பச்சை நிறம் மட்டுமே கண்ணில் படும்.

அடுத்து, வயது. நாவாய்ப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி ஐந்து பருவங்களில் தோலுரித்து வளர்ந்த பூச்சியாகிறது. நெசாராவின் இளம்பூச்சி கருப்பும் வெள்ளையும் சிவப்பும் கலந்து, தாயோடு எந்தச் சாயலும் இல்லாமல் இருக்கும். பெரும்பாலான திறவுகோல்கள் வளர்ந்த பூச்சிக்கு மட்டுமே எழுதப்பட்டவை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் தேடும் செயலிகள் குடும்பம் வரைக்கும், சில நேரம் பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி, இருசொல் பெயரில் முதல் சொல்) வரைக்கும் நன்றாகக் கொண்டுபோய் விடுகின்றன. அங்கிருந்து எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் உறுதி குறைகிறது.

திறவுகோல் என்பது வழி சொல்வது

ஊருக்குப் புதியவருக்கு வழி சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? "பிள்ளையார் கோவில் வரும். அதைத் தாண்டியதும் தெரு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போங்கள். அரசமரம் வந்ததும் வலது பக்கம். மூன்றாவது வீடு." வீட்டின் தோற்றத்தை நாம் விவரிப்பதே இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம்.

திறவுகோலும் அப்படித்தான். ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கூற்றுகள் இருக்கும். இந்தச் சோடியை இணைக்கூற்று என்று சொல்லலாம். கையிலிருக்கும் பூச்சிக்கு எது பொருந்துகிறதோ அதன் முடிவில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுள்ள படிக்குப் போக வேண்டும். எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வந்துவிட்டால் பயணம் முடிந்தது. இந்த முறையைப் பரவலாக்கியவர் பிரெஞ்சு இயற்கை அறிஞர் லமார்க். பிரான்சின் தாவரங்களைப் பற்றி 1778ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், தாவரவியல் படிக்காதவரும் செடிக்குப் பெயர் காண வேண்டும் என்று இப்படிக் கேள்விகளாகப் பிரித்து எழுதினார். இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

சின்னத் திறவுகோல் ஒன்றை நாமே போட்டுப் பார்க்கலாம். மத்திய ஐரோப்பாவில் சிவப்பும் கருப்புமாகத் திரியும் நாவாய்ப்பூச்சிகளில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு சொல் தேவை: எளிய கண். பூச்சியின் பெரிய கூட்டுக்கண்களுக்கு இடையில், தலையின் மேற்புறத்தில் மணிபோல மின்னும் இரண்டு குட்டிக் கண்கள் அவை.

1. தலையில் எளிய கண்கள் இல்லை: பிர்ரோகோரிஸ் ஆப்டெரஸ். எளிய கண்கள் உண்டு: படி 2.

2. சவ்வில் நிறைய நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன: கோரிசஸ் ஹையோசியாமி. சவ்வில் நான்கைந்து நரம்புகள் மட்டுமே: படி 3.

3. கருஞ்சவ்வின் நடுவே வட்டமான வெள்ளைப் புள்ளி உண்டு: லைகேயஸ் இக்வெஸ்ட்ரிஸ். வெள்ளைப் புள்ளி இல்லை: ஸ்பிலோஸ்டெதஸ் சாக்ஸாடிலிஸ்.

மூன்றே படிகள். சிவப்பு, கருப்பு என்ற சொற்கள் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நான்குக்கும் பொதுவான ஒன்று பிரித்துக் காட்ட உதவாது. முதலில் கண்ணைக் கவரும் அடையாளம் பெரும்பாலும் பயனற்றது. யாரும் பார்க்காத எளிய கண்ணும் நரம்பும் முள்ளும்தான் வேலைக்கு ஆகின்றன.

முதல் படியிலேயே நாம் பிரித்துவிட்ட பிர்ரோகோரிஸ் ஆப்டெரஸ் லிண்டன் மரங்களின் அடியில் நூற்றுக்கணக்கில் கூடியிருக்கும். நம் பருத்தியின் சிவப்பு நாவாய்ப்பூச்சியும் இதே குடும்பம்தான். ஆப்டெரஸ் என்றால் இறக்கையற்றது என்று பொருள். உண்மையில் இதற்கு இறக்கை உண்டு. பெரும்பாலானவற்றில் அது குட்டையாக, சவ்வே இல்லாதது போல இருக்கும். அதனால் வளர்ந்த பூச்சியை இளம்பூச்சி என்று நினைத்துவிடுபவர்கள் உண்டு. பெயரின் பொருளை வைத்துப் பூச்சியை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இதுவரை: திறவுகோல் படிப்படியாகத் திருப்பம் சொல்லும் வழிகாட்டி. ஒவ்வொரு படியிலும் இரண்டு கூற்று, ஒரு முடிவு.

திறவுகோலுக்குத் "தெரியாது" என்று சொல்லத் தெரியாது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

மேலே சொன்ன வழியை வேறோர் ஊரில் நின்றுகொண்டு பின்பற்றிப் பாருங்கள். அங்கேயும் ஒரு பிள்ளையார் கோவில் இருக்கும். அங்கேயும் தெரு பிரியும். அரசமரமும் இருக்கக்கூடும். கடைசியில் மூன்றாவது வீட்டு வாசலில் போய் நிற்போம். கதவைத் தட்டினால்தான் ஆள் வேறு என்று தெரியும். வழியில் எங்குமே எதுவும் தப்பாகப் படவில்லை!

திறவுகோலும் இதேபோல எந்தப் பூச்சியைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நம்முடைய குட்டித் திறவுகோலை ஸ்பெயினுக்கு எடுத்துப் போனால் அங்கே ஸ்பிலோஸ்டெதஸ் பாண்டுரஸ் என்ற சிவப்புக் கருப்புப் பூச்சி கிடைக்கும். அதன் சவ்விலும் வெள்ளைப் புள்ளி இருக்கலாம். திறவுகோல் கொஞ்சமும் தயங்காமல் லைகேயஸ் இக்வெஸ்ட்ரிஸ் என்று சொல்லிவிடும். தவறு திறவுகோலில் இல்லை. அது எழுதப்பட்ட எல்லைக்கு வெளியே நாம் அதைக் கொண்டுபோய்விட்டோம்.

எல்லை நிலத்துக்கு மட்டும் உரியதல்ல, காலத்துக்கும் உண்டு. வட அமெரிக்காவின் ஊசியிலை மரங்களில் வாழும் லெப்டோகுளோசஸ் ஆக்சிடென்டாலிஸ் என்ற பெரிய நாவாய்ப்பூச்சி 1999ஆம் ஆண்டு வட இத்தாலியில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உண்டு. பின்னங்கால் இலைபோல விரிந்திருப்பதால் பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் அது சேர்ந்த கோரிடே குடும்பத்துக்கான முக்கியமான பிரெஞ்சுத் திறவுகோல் நூல் 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. நான்கு ஆண்டு இடைவெளி. அந்த நூலில் இந்தப் பூச்சி இல்லை. ஓக் மரத்தின் வலைப்பூச்சியான (உடலும் இறக்கையும் சல்லடை போல இருக்கும் குட்டி நாவாய்ப்பூச்சி) கோரிதூக்கா ஆர்குவாடாவும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு வட இத்தாலியில் கண்டறியப்பட்டது. வலைப்பூச்சிகளின் ஐரோப்பியத் திறவுகோல் நூலோ 1983ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் கோரிதூக்கா சிலியாடா மட்டுமே உண்டு. அதுவும் வட அமெரிக்காவிலிருந்து வந்து, 1964ஆம் ஆண்டு இத்தாலியின் பாதுவா நகரில் காணப்பட்ட பூச்சிதான். பழைய நூலை மட்டும் வைத்துக்கொண்டு ஓக் மரத்துப் பூச்சியைப் பார்த்தால் சிலியாடா என்ற தவறான வீட்டு வாசலில் நிற்போம்.

வெளியிலிருந்து எதுவும் வராமலேகூடத் திறவுகோல் பழையதாகிவிடும். நம் மூன்றாம் படியில் வந்த லைகேயஸ் இக்வெஸ்ட்ரிஸ், உண்மையில் ஒன்றை ஒன்று உரித்துவைத்தாற்போன்ற இரண்டு சிற்றினங்கள் என்று 1985ஆம் ஆண்டு காட்டினார் ஜெர்மானியப் பூச்சியியலாளர் டெக்கர்ட். இரண்டாவதற்கு லைகேயஸ் சிமுலன்ஸ் என்று பெயர். அதற்கு முன்பு எழுதப்பட்ட எல்லாத் திறவுகோல்களுக்கும் இந்த இரண்டும் ஒன்றுதான். நான் மேலே எழுதிய திறவுகோலும் அந்தத் தவறைச் செய்கிறது. வேண்டுமென்றேதான் அப்படி விட்டேன்.

சுருக்கம்: எந்தத் திறவுகோலைத் திறக்கும் முன்பும் எந்தக் கூட்டத்துக்கு, எந்த நாட்டுக்கு, எந்த ஆண்டு எழுதியது என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

ஆள் பட்டியல், வழி, முகம்

நூல்களைத் தேடும்போது ஏற்படும் குழப்பத்துக்குப் பெரிய காரணம், மூன்று வகை நூல்களை ஒன்றென்று நினைப்பது.

வாக்காளர் பட்டியல் போன்றது பெயர்ப்பட்டியல் நூல். எந்தப் பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும். ஆளைப் பார்த்து அடையாளம் காண உதவாது. நாவாய்ப்பூச்சிகளுக்கு இதில் முதலிடம் ஆகெமாவும் ரீகரும் தொகுத்த பேலியார்க்டிக் பெயர்ப்பட்டியலுக்குத்தான். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, இமயத்துக்கு வடக்கே உள்ள ஆசியா ஆகியவை சேர்ந்த பெருநிலப்பரப்பைப் பேலியார்க்டிக் என்கிறார்கள். 1995 முதல் 2006 வரை ஐந்து தொகுதிகள், 2013ஆம் ஆண்டு ஒரு துணைத்தொகுதி. ஒரு சிற்றினத்தின் சரியான பெயர் என்ன, பழைய பெயர்கள் என்ன, எந்தெந்த நாடுகளில் உண்டு என்பதெல்லாம் அதில் கிடைக்கும். ஒரு படம்கூட அடையாளம் காட்டுவதற்கென்று இல்லை. விலை கொடுத்து வாங்கிவிட்டு ஏமாந்தவர்களை நான் அறிவேன். நூல் மீது குறையே இல்லை. அதை எதற்காக எழுதினார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது வகைதான் திறவுகோல் நூல். மூன்றாவது, முகம் காட்டும் படநூல். ஜெர்மன் மொழியில் வாக்மன், மெல்பர், டெக்கர்ட் மூவரும் 2004 முதல் 2012 வரை ஐந்து தொகுதிகளாக எழுதியது இதற்கு அழகான எடுத்துக்காட்டு. ஒவ்வொரு பூச்சியும் எந்தச் செடியில் வாழும், எப்போது முட்டையிடும், எங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் என்று அதில் படிக்கலாம். திறவுகோல் சொன்ன பெயரைச் சரிபார்க்க இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது.

ஐரோப்பா முழுவதற்கும் ஒரே நூல் ஏன் இல்லை?

முயன்றவர் ஒருவர் உண்டு. 1955 முதல் 1962 வரை ஷ்டிகெல் என்ற ஜெர்மானியர் ஐரோப்பிய நாவாய்ப்பூச்சிகள் அனைத்துக்கும் படங்களோடு திறவுகோல்கள் வெளியிட்டார். அதன் பிறகு அறிவு பெருகிய வேகத்துக்கு ஒருவர் கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிரிட்டனில் சுமார் 600 சிற்றினங்கள், ஜெர்மனியில் 900 அளவில். தெற்கே மத்தியதரைக் கடலை நெருங்க நெருங்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதனால் வேலையைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெருமுயற்சியின் முதுகெலும்பு 'பிரான்சின் விலங்குகள்' என்று பொருள்படும் ஃபோன் த ஃபிரான்ஸ் வரிசை. பெயரில் பிரான்ஸ் இருந்தாலும் இதன் நாவாய்ப்பூச்சித் தொகுதிகளில் பல ஐரோப்பாவையும் மத்தியதரைக் கடல் பகுதியையும் சேர்த்தே பேசுகின்றன. ழான் பெரிகார் என்ற ஒருவரே இதில் எழுதிக் குவித்திருப்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது: 1983ஆம் ஆண்டு வலைப்பூச்சிகள், 1984ஆம் ஆண்டு கால்நீண்ட பெரிட்டிடே குடும்பம், 1987ஆம் ஆண்டு நபிடே, 1990ஆம் ஆண்டு கரையோரப் பூச்சிகளான சால்டிடே, 1998ஆம் ஆண்டு லைகேயிடே மட்டும் மூன்று தொகுதிகள். மூலே 1995ஆம் ஆண்டு கோரிடே குடும்பத்தையும் அதன் உறவுகளையும் எழுதினார். கேடயப்பூச்சிகளுக்கு 2005, 2010, 2013 என மூன்று தொகுதிகள், பல ஆசிரியர்கள். மரப்பட்டைக்கு அடியில் தட்டையாக வாழும் அராடிடேக்கு 2007. வேட்டையாடும் ரெடுவீடேக்கு 2009.

பிரிட்டனில் மட்டும் பூச்சி பார்ப்பவருக்கு வேலை எளிது. சவுத்வுட், லெஸ்டன் இருவரும் 1959ஆம் ஆண்டு எழுதிய பிரிட்டிஷ் நாவாய்ப்பூச்சி நூல் ஆங்கிலத்தில், ஒரே தொகுதியில், திறவுகோல்களோடு இருக்கிறது. அறுபது ஆண்டு தாண்டியும் மேசையில் இருக்கும் நூல் அது. ஆனால் பிறகு வந்து குடியேறிய பூச்சிகள் அதில் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

கடினமான குடும்பம் மிரிடே. ஐரோப்பிய நாவாய்ப்பூச்சிகளில் மிகப் பெரியது. தேயிலைத் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்று அழைக்கப்படும் பூச்சியும் இந்தக் குடும்பம்தான். சிறியவை, மென்மையானவை, தொட்டால் கால் உதிர்ந்துவிடும். எடுவார்ட் வாக்னர் 1970களில் மத்தியதரைப் பகுதி மிரிடேக்களுக்கு எழுதிய ஜெர்மன் நூல்தான் இன்னமும் தூண். அதற்கு முன்பு வெபரோடு சேர்ந்து 1964ஆம் ஆண்டு பிரெஞ்சு வரிசைக்கு எழுதிய தொகுதியும் உண்டு. இவற்றில் பல படிகள் ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள சிறு கொக்கியின் வடிவத்தைக் கேட்கும். இணையும்போது பெண்ணைப் பிடித்துக்கொள்ள உதவும் உறுப்பு அது. அதைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். பெண் பூச்சி மட்டும் கிடைத்தால் பேரினத்தோடு நின்றுவிட வேண்டியதுதான். நீர்ப்பூச்சிகளில் கோரிக்சிடே குடும்பமும் ஆண் பூச்சியைத்தான் கேட்கும். முன்னங்கால் பாதத்தில் வரிசையாக உள்ள முளைகளின் அமைப்பு அங்கே சாட்சி. அதற்கு யான்சன் 1986ஆம் ஆண்டு எழுதிய ஐரோப்பியத் தொகுதி ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது.

குடும்பம் தெரிந்தால்தான் நூல் தெரியும்

ஆக, எந்த நூல் என்ற கேள்விக்கு முன்னால் எந்தக் குடும்பம் என்ற கேள்வி வந்து நிற்கிறது. நல்ல வேளையாக இது அவ்வளவு கடினமில்லை. உணர்கொம்பில் ஐந்து கணுக்கள், உடல் கேடய வடிவம் என்றால் கேடயப்பூச்சிகள். நான்கு கணுக்கள், சவ்வில் நிறைய நரம்புகள் என்றால் கோரிடேயும் அதன் உறவுகளும். உடலும் இறக்கையும் சல்லடைத் துணி போல இருந்தால் வலைப்பூச்சி. உறிஞ்சுகுழல் தடித்து, வில்லாக வளைந்து, மூன்று கணுக்களோடு இருந்தால் ரெடுவீடே. எளிய கண் இல்லாமல், இறக்கையின் தடித்த பகுதியின் நுனியில் மடிப்பால் பிரிக்கப்பட்ட ஒரு குட்டி முக்கோணம் தெரிந்தால் மிரிடே. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும், இவற்றை எல்லாம் பார்த்துவிடலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நானும் அதில் விழுந்திருக்கிறேன். குடும்பப் பெயர்கள் மாறும். லிண்டன் மரத் தண்டுகளில் ஆயிரக்கணக்கில் அப்பிக்கொண்டிருக்கும் ஆக்சிகாரினஸ் லாவடேரேயை இன்றைய பட்டியல்கள் ஆக்சிகாரினிடே குடும்பத்தில் வைக்கின்றன. (பருத்திக் கொட்டையில் வரும் சாம்பல் நாவாய்ப்பூச்சியின் பேரினமும் இதுவே.) அந்தக் குடும்பப் பெயரில் ஐரோப்பியத் திறவுகோல் நூலைத் தேடித் தேடி அலுத்துப் போனேன். 1997ஆம் ஆண்டு ஹென்றி என்ற அமெரிக்க ஆய்வாளர் பழைய லைகேயிடே குடும்பத்தைப் பல குடும்பங்களாகப் பிரித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் தேடியது எல்லாம் பெரிகாரின் லைகேயிடே தொகுதிகளிலேயே இருந்தது.

சிற்றினப் பெயரும் மாறும். சிற்றினப் பெயருக்குப் பின்னால் வரும், அதை முதலில் இட்டவரின் பெயரும் ஆண்டும் பிறைக்குறிக்குள் இருந்தால், முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று பொருள். ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு பிர்ரோகோரிஸ் ஆப்டெரஸுக்கு இட்ட பெயர் சைமெக்ஸ் ஆப்டெரஸ். சைமெக்ஸ் இன்று மூட்டைப்பூச்சியின் பேரினம். அதனால் பழைய நூல்களைத் தேடும் முன்பு பெயர்ப்பட்டியலில் பழைய பெயர்களை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலின் அருமை இங்கேதான் தெரியும்.

எங்கே தேடுவது, எந்த மொழியில்?

ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் ஐரோப்பிய நாவாய்ப்பூச்சி நூல்களில் பெரும்பகுதி கண்ணில் படாது. ஜெர்மன் மொழியில் நாவாய்ப்பூச்சி 'வான்ட்சென்', பிரெஞ்சில் 'ப்யுனேஸ்'. திறவுகோலுக்கு ஜெர்மன் சொல் 'பெஷ்டிம்முங்ஸ்ஷ்லுஸ்ஸல்', பிரெஞ்சில் 'க்ளே', இத்தாலியில் 'கியாவே'. இந்தச் சொற்களோடு குடும்பப் பெயரைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். வேறோர் உலகம் திறக்கும்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். திறவுகோலின் மொழி கதையின் மொழி அல்ல. தலை, கொம்பு, கால், முள், மயிர், நீளம், அகலம், கருப்பு, வெளிறிய என்று ஒரு நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பிரெஞ்சுத் திறவுகோலை நடத்திக்கொண்டு போய்விடலாம்.

இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது. பல அருங்காட்சியக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் உயிரியப் பாரம்பரிய எண்ணிம நூலகத்தில் பழைய பூச்சியியல் நூல்களும் ஆய்விதழ்களும் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலிருந்து நடக்கும் சோபோடாட் தளத்தில் ஜெர்மன் மொழி இயற்கை ஆய்விதழ்கள் கட்டுரை கட்டுரையாகக் கிடைக்கும். ஃபோன் த ஃபிரான்ஸ் வரிசையில் அச்சில் தீர்ந்துபோன பல தொகுதிகளையும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். மத்திய ஐரோப்பிய நாவாய்ப்பூச்சி ஆர்வலர்களின் 'ஹெட்டிராப்டெரான்' இதழ், நூல்கள் அச்சேறிய பிறகு வந்த புதுப் பூச்சிகளைத் தெரிந்துகொள்ள உதவும்.

பெயர் வந்த பிறகு

திறவுகோல் ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தியதும் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். நூலில் அந்தச் சிற்றினத்தின் முழு விவரிப்பைப் படியுங்கள். நீளம் பொருந்துகிறதா? அது வாழும் செடி, நாம் பூச்சியைப் பிடித்த செடிதானா? வலைப்பூச்சிகளில் செடி பெரிய சாட்சி. அந்த நாட்டின் பட்டியலில் பெயர் இருக்கிறதா? எங்காவது ஒன்று இடித்தால் திரும்பிப் போய், தயங்கித் தேர்ந்தெடுத்த படியில் அடுத்த கூற்றைப் பிடித்து நடந்து பாருங்கள். எந்தப் படியில் தயங்கினோம் என்பதைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தால் இது சுலபம்.

அதன் பிறகும் உறுதி வராவிட்டால் "லைகேயஸ், சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதி வையுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை; தவறான பெயர்தான் பட்டியலிலிருந்து பட்டியலுக்குத் தாவிக்கொண்டே போகும். சீட்டில் இடம், நாள், செடி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றோடு, எந்த நூலின் எந்தப் பதிப்பை வைத்துப் பெயர் கண்டீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாளைக்கு யாராவது அந்தப் பேரினத்தை மறுபடி இரண்டாகப் பிரித்தால், உங்கள் பெட்டியைத் திறப்பவருக்கு எந்தப் பூச்சியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அந்த வரி சொல்லும்.